எக்கோவைக் கொஞ்சம் குறைங்கண்ணே!

கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனாலும் ஒரு விஷயம் மாறாது. மேடைக்குப் பக்கத்தில் மைக் செட்காரர் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் ஒரு மிக்ஸர். அதில் ‘எக்கோ’ என்று ஒரு திருகு. அது எப்போதும் முக்கால் சுற்றுக்கு மேலேதான் நிற்கும். பாடகர் வந்தாலும் அதே அளவு, பேச்சாளர் வந்தாலும் அதே அளவு, வழியை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லும் அறிவிப்புக்கும் அதே அளவு! கார் நம்பர் என்னவென்று கார்க்காரருக்குக் கடைசிவரை புரியாது.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜாவும் கங்கை அமரனும், அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜாவும், வடுகபட்டியிலிருந்து வைரமுத்துவும் கிளம்பிப்போன வட்டாரம் இது. பாட்டில் சொல்லுக்கு என்ன வேலை, ஓசைக்கு என்ன வேலை என்று தமிழ்நாட்டுக்கே காட்டியவர்களின் ஊர். அங்கேயே மேடையில் சொல் காணாமல் போகிறது, யாரும் கண்டுகொள்வதில்லை.

எக்கோ, ரிவெர்ப், டிலே எல்லாம் பாட்டுக்குப் போடும் பவுடர், லிப்ஸ்டிக் மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பாட்டு எந்த இடத்தில் நடக்கிறது, பாடுகிறவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று காதுக்குச் சொல்லும் தகவல் அவை. அதை யோசித்துக் கொடுத்தால் பாட்டுக்கு ஒரு ஊரே கிடைக்கும். யோசிக்காமல் அள்ளிக் கொட்டினால் முதலில் சாவது சொல். இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான்.

கொஞ்சம் இயற்பியல் (பயப்பட வேண்டாம்)

எக்கோ வேறு, ரிவெர்ப் வேறு. பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 344 மீட்டர் போகும். ஒரு சத்தத்தையும் அது திரும்பி வருவதையும் தனித்தனியாகக் கேட்க 0.1 நொடி இடைவெளி வேண்டும். போக வர சேர்த்து 34.4 மீட்டர், அதாவது எதிரில் உள்ள சுவரோ பாறையோ 17.2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அப்படித் தனியாகத் திரும்பி வருவது எதிரொலி, எக்கோ. அதை மிஷினில் செய்தால் அதற்குப் பெயர் டிலே.

ஓர் அறைக்குள் கத்தினால் கதை வேறு. நான்கு சுவர், தரை, கூரை என்று ஆயிரக்கணக்கான எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். எதையும் பிரித்துக் கேட்க முடியாது. சத்தம் நின்ற பிறகும் ஒரு வால் மட்டும் இழுத்துக்கொண்டு போய் அடங்கும். அதுதான் எதிர்முழக்கம், ரிவெர்ப்.

இந்த வாலை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-இல், நம் ஊரில் முல்லைப் பெரியாறு அணை திறந்த அதே வருடம், அவரிடம் ஒரு பிரச்சினையைக் கொடுத்தார்கள். புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. சபைன் ஓர் ஆர்கன் குழாயும் கடிகாரமும் வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாக அளந்தார். சத்தம் நின்ற பிறகு வால் அடங்க ஐந்தரை நொடி ஆனது! ஐந்தரை நொடிக்குள் ஒருவர் முழு வாக்கியமே பேசிவிடுவார். எல்லாச் சொல்லும் ஒரே குழம்பாகிவிடும். பக்கத்து அரங்கின் நாற்காலி மெத்தைகளைத் தூக்கிவந்து ஒவ்வொன்றாக அடுக்கி, மெத்தை கூடக் கூட வால் எப்படிக் குறைகிறது என்று கணக்கெடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்றும் கட்டடக்கலையில் பயன்படும் சபைன் சூத்திரம். அறையின் கனஅளவை மொத்த உறிஞ்சும் திறனால் வகுத்து 0.161-ஆல் பெருக்கினால் எத்தனை நொடி வால் என்று தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பத்து மீட்டர், ஐந்து மீட்டர் உயரம், சுற்றிலும் கருங்கல் மூடிய ஒரு மண்டபம். கல் தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் விழுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், வால் பத்து நொடி. அதே மண்டபத்தில் ஐம்பது பேர் வந்து நின்றால், ஆளுக்கு அரை அலகு என்று வைத்தாலும், இரண்டரை நொடிக்கு இறங்கிவிடும். காலிக் கோயிலில் ஒரு மணியடித்தால் உடம்பு சிலிர்ப்பதும், கூட்ட நாளில் அதே மணி சாதாரணமாகக் கேட்பதும் இதனால்தான்.

சபைன் உறிஞ்சும் திறனை எந்த அலகில் அளந்தார் தெரியுமா? திறந்த ஜன்னல்! ஜன்னல் வழியே வெளியே போன சத்தம் திரும்பி வராது. ஆகவே ஒரு திறந்த ஜன்னல்தான் முழு உறிஞ்சி. அந்தக் கணக்கில் பார்த்தால் சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்து வயல்வெளி முழுக்க ஒரே ஜன்னல்தான். அங்கே நின்று பாடினால் காற்று ஒன்றையும் திருப்பித் தராது.

பள்ளத்தாக்கின் சொந்த டிலே

“சுற்றி மலை இருக்கிறதே, எதிரொலிக்காதா?” என்று கேட்கலாம். மலையடிவாரத்தில் கேட்கும். பாறை 170 மீட்டர் தள்ளி இருந்தால் கூவிய குரல் ஒரு நொடியில் திரும்பி வரும். ஆனால் ஊர்கள் பெரும்பாலும் நடுப்பள்ளத்தில், ஆற்றோரம் இருக்கின்றன. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலையிலிருந்து சத்தம் திரும்பிவர ஆறு நொடி ஆகும், அதற்குள் தேய்ந்தும் போய்விடும்.

இந்த ஊர்களின் உண்மையான டிலே வந்தது மலையிலிருந்து அல்ல, குழாய் ஸ்பீக்கரிலிருந்து. தெரு நெடுக மரத்திலும் கம்பத்திலும் குழாய்களைக் கட்டியிருப்பார்கள். ஒரு குழாய் 34 மீட்டரில், இன்னொன்று 103 மீட்டரில் இருந்தால், மின்கம்பியில் ஒரே நேரத்தில் வந்த பாட்டு காதுக்கு 0.2 நொடி இடைவெளியில் இரண்டு தடவை வரும். மூன்றாவது குழாய் மூன்றாவது தடவை. யாரும் எந்தத் திருகையும் திருகாமலே!

அதோடு, இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, ஒலி வானத்துக்குப் போகாமல் வளைந்து தரைக்கே வரும். அதனால்தான் பகலில் கேட்காத பக்கத்து ஊர்த் திருவிழாப் பாட்டு விடியற்காலை நான்கு மணிக்குக் காதுக்குள் பாடும். தூரத்திலிருந்து வருவதால் கூர்மையான ஓசைகளைக் காற்று தின்றுவிட்டிருக்கும். குழாயில் பேஸ் முதலிலிருந்தே கிடையாது. மிஞ்சுவது நடுவில் உள்ள குரல் மட்டும், லேசாக ஒன்றுக்கு இரண்டாக மிதந்துகொண்டு. எண்பதுகளில் இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்களிடம் கேட்டால், சினிமாப் பாட்டு என்றாலே அவர்களுக்கு இந்த ஓசைதான். (இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. அது தூங்குகிறவர்களின் நியாயம். அதில் சண்டையில்லை.)

குளியலறையிலிருந்து சிப் வரை

ஸ்டுடியோக்காரர்கள் இந்த ‘இடம்’ என்ற சரக்கைப் பெட்டிக்குள் அடைக்கப் படாதபாடு பட்டார்கள். 1947-இல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர் ஸ்டுடியோவின் குளியலறையையே எக்கோ அறையாக்கி, ஹார்மோனிகேட்ஸ் என்ற மவுத் ஆர்கன் குழுவின் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அது பெரிய வெற்றி. பிறகு டேப் வந்தது. பதிவு செய்யும் தலைக்கும் வாசிக்கும் தலைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தால், பதிந்தது சற்றுத் தாமதமாகக் கேட்கும். டேப் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடி, இடைவெளி 5 சென்டிமீட்டர் என்றால், டிலே 0.13 நொடி. 1954-இல் எல்விஸ் பிரெஸ்லி மெம்ஃபிஸில் பாடிய முதல் பாடல்களில் ‘டப்’பென்று ஒட்டிக்கொண்டு கேட்கும் எக்கோ இந்த ரகம்தான். 1957-இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம், தொங்கவிட்ட பெரிய இரும்புத் தகட்டை அதிரவைத்து ரிவெர்ப் செய்யும் கருவியை விற்க ஆரம்பித்தது. எழுபதுகளின் பிற்பாதியில் டிஜிட்டல் ரிவெர்ப் வந்தது. இன்று செல்போனில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறை கட்டியும் தகடு தொங்கவிட்டும் ரிவெர்ப் செய்த காலத்தில் அது செலவு பிடித்த சமாச்சாரம். எந்தப் பாட்டுக்கு, எந்தக் குரலுக்கு, எவ்வளவு என்று யோசித்துத்தான் போட்டார்கள். ஒரு திருகில் கிடைக்க ஆரம்பித்ததும் யோசனை போய்விட்டது. சாம்பாரில் பெருங்காயம் போடுகிற மாதிரி இருந்தது, பெருங்காயத்தில் சாம்பார் வைக்கிற மாதிரி ஆகிவிட்டது :-)

அரை மாத்திரை

தமிழுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. இலக்கண வகுப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. நம் மொழியில் நேரம்தான் பொருள். ‘படு’ வேறு, ‘பாடு’ வேறு. ‘படம்’ வேறு, ‘பட்டம்’ வேறு.

‘பட்டம்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ‘ட்’ வரும் இடத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு ஒரு கணம் சத்தமே இருக்காது. ‘பத்து’, ‘அக்கா’, ‘அப்பா’ எல்லாவற்றிலும் அப்படித்தான். அந்தச் சின்ன மௌனம் சொல்லின் ஒரு பகுதி. ரிவெர்ப் என்ன செய்யும்? முந்தைய எழுத்தின் வாலை இழுத்துவந்து அந்த மௌனத்தை நிரப்பிவிடும். குறிலின் வால் நீண்டு நெடில் மாதிரி கேட்கும். வல்லின ஒற்று மூழ்கிவிடும். எக்கோவைக் கூட்டினால் முதலில் பறிபோவது இந்த அரை மாத்திரைதான்.

‘லா லா லா’ என்று ஹம்மிங் பாடினால் ஒரு நஷ்டமும் இல்லை. அங்கே வல்லின ஒற்று இல்லையே, எவ்வளவு நீண்டாலும் அழகுதான். கும்மிப் பாட்டிலும் ஒப்பாரியிலும் வள்ளி திருமண நாடகத்துத் தர்க்கப் பாட்டிலும் அப்படி முடியாது. அங்கே சொல்லுக்குச் சொல் பதில் சொல் இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, உறவுமுறை இருக்கிறது. அந்தக் கிண்டல் மூன்றாவது வரிசைக்குப் புரியவில்லை என்றால் விடிய விடிய அங்கே உட்கார்ந்திருப்பது எதற்கு?

பண்ணைப்புரத்துப் பாடம்

சொல் கேட்டாக வேண்டிய பாட்டுக்கு இந்த மண்ணிலேயே பெரிய உதாரணம் பாவலர் வரதராசன், இளையராஜாவின் அண்ணன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாட்டுக் கட்டிப் பாடியவர். 1958-இல் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதி. பாவலர் போய்ப் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். வேலை முடிந்து களைத்துப்போய்த் திறந்தவெளியில் நின்று கேட்கிற ஆட்களுக்கு ஒரு வரி புரியாமல் போனால், அந்த வரி ஓட்டாக மாறாது. அங்கே எதிர்முழக்கத்துக்கு இடமே இல்லை.

1943-இல் பிறந்த இளையராஜா, பதின்வயதில் அண்ணனின் குழுவில் சேர்ந்து வருடக்கணக்கில் இப்படிப்பட்ட மேடைகளில் வாசித்தவர். அதன் பிறகுதான் சென்னை, தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், 1976-இல் ‘அன்னக்கிளி’. சொல்லை வெட்டவெளியில் கடைசி ஆள்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை முதலில் கற்றுக்கொண்டு, பிறகு ஸ்டுடியோவின் மூடிய அறைக்குள் நுழைந்தவர். இந்த வரிசை முக்கியம்.

‘அன்னக்கிளி’ படத்தின் தலைப்பையே முதல் சொல்லாகக் கொண்ட பாட்டை ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். எஸ்.ஜானகியின் ஹம்மிங் எங்கோ தூரத்திலிருந்து, வயலைத் தாண்டி வருவது மாதிரி ஆரம்பிக்கும். சொற்கள் தொடங்கும்போது குரல் பக்கத்தில் வந்துவிடும். அடுத்த வருடம் வந்த ‘16 வயதினிலே’ படத்தின் ‘செந்தூரப்பூவே’வும் அப்படித்தான். இயக்கம் பாரதிராஜா, இசை இளையராஜா, பாடல் கங்கை அமரன், மூவரும் தேனிப் பக்கத்துக்காரர்கள். பாடிய ஜானகிக்கு அந்தப் பாட்டுக்காகத் தேசிய விருது கிடைத்தது. சொல் இல்லாத இடத்தில் தூரம், சொல் வருகிற இடத்தில் நெருக்கம். மூடிய அறையில் பதிவான பாட்டுக்குள் ஒரு வெட்டவெளி இருக்கிறது என்றால் அதன் ரகசியத்தில் பாதி இதுதான். எக்கோ அங்கே சொல்லை மறைக்கவில்லை. சொல் வரப்போகிற இடத்தைக் காட்டுகிறது.

பறைக்கு எதற்கு மண்டபம்?

மைக் செட்டை விடுங்கள். இப்போது ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருக்கிறது. தப்பு, உறுமி, நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் பதிவாகி இணையத்துக்கு வருகின்றன. மகிழ்ச்சியான விஷயம். ஆனால் அவற்றில் பலவற்றைக் கேட்டால், உறுமி ஏதோ ஒரு மாபெரும் குகைக்குள் முழங்குகிற மாதிரி இருக்கிறது. கம்ப்யூட்டரில் ‘ஹால்’ என்று இருப்பதைத் தட்டிவிடுகிறார்கள்.

பறை கோயிலின் கல் மண்டபத்துக்குள் வளர்ந்த வாத்தியம் இல்லை. அதை அடித்தவர்களை மண்டபத்துக்குள் விடவில்லை என்பதுதான் சரித்திரம். தெருவிலும் வயலிலும் சுடுகாட்டுப் பாதையிலும், அதாவது சபைனின் அந்தத் திறந்த ஜன்னலில் அடித்து அடித்தே அதன் அடி இவ்வளவு கூர்மையானது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். காய்ச்சிய தோலில் சிம்புக்குச்சி படும் அந்த ‘சுரீர்’தான் பறையின் முகம். அதன்மேல் மூன்று நொடி வாலைப் போட்டால் அடிக்கும் அடிக்கும் நடுவில் உள்ள கணக்கு அழிந்துவிடும். கேட்பவருக்கு மிஞ்சுவது வெறும் முழக்கம்.

“பிரம்மாண்டமாகக் கேட்டால்தானே மரியாதை? இத்தனை காலம் வெளியே நிறுத்திய வாத்தியத்தை ஹாலுக்குள் கொண்டுவருவது நல்லதுதானே?” என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் மரியாதை என்பது வயலினுக்குக் கொடுக்கிற அதே அக்கறையைப் பறைக்கும் கொடுப்பது. நல்ல மைக்கைச் சரியான இடத்தில் வைப்பது, வாசிப்பவர் பெயரைப் போடுவது, காசை ஒழுங்காகக் கொடுப்பது. மண்டபத்தின் ஓசைதான் புனிதம், தெருவின் ஓசை மட்டம் என்று ஒத்துக்கொண்டு தெருவை அழிப்பது மரியாதை ஆகாது. தெருவை அப்படியே கேட்க வைப்பதுதான் பெரிய காரியம்.

அப்படியானால் எக்கோவே வேண்டாமா?

அப்படி யார் சொன்னது! ஜமைக்காவில் கிங் டப்பி போன்றவர்கள் எழுபதுகளில் டேப் டிலேயையே வாத்தியம் மாதிரி வாசித்து ‘டப்’ என்ற இசை வகையையே உருவாக்கினார்கள். அதுவும் தெருவில் ஸ்பீக்கர் அடுக்கிப் பாட்டுப் போடுகிற ஊர்தான். நம் மைக் செட் மரபுக்கு அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள் எனலாம். அவர்கள் பெரும்பாலும் சொல்லை எடுத்துவிட்டு, ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு விளையாடினார்கள். தெரிந்து செய்தார்கள்.

பாடுகிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வெட்டவெளி ஒன்றையும் திருப்பித் தராததால் குரல் மொட்டையாகக் கேட்கும், பாட பயமாக இருக்கும். அதற்கு வழி இருக்கிறது. பாடுபவர் முன்னால் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் வேண்டிய அளவு ரிவெர்ப் கொடுக்கலாம். கூட்டத்தின் பக்கம் போகிற ஸ்பீக்கரில் குறைத்துக்கொள்ளலாம். தெருக்குழாய்கள் ஏற்கெனவே இலவச டிலே கொடுக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

ஸ்டுடியோவில் உட்காருகிற நண்பர்களுக்கு இன்னும் இரண்டு. ஒன்று, ரிவெர்ப் தொடங்குவதை 30, 40 மில்லி நொடி தள்ளிப்போடலாம். சொல்லின் முதல் எழுத்து சுத்தமாகக் காதுக்குப் போன பிறகு வால் ஆரம்பிக்கும். இரண்டு, டிலேயைத் தாளத்தோடு சேர்க்கலாம். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு 500 மில்லி நொடி, அரை அடிக்கு 250. அப்போது எதிரொலி தாளத்துக்குக் குறுக்கே விழாது, கூடவே தட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, திருகைத் தொடும் முன் ஒரு கேள்வி போதும்: இந்தப் பாட்டு எங்கே நடக்கிறது? மலையடிவாரத்திலா, கோயிலுக்குள்ளா, காதோரத்திலா? பதில் தெரிந்தால் அளவு தானாகத் தெரியும். பதில் தெரியவில்லை என்றால் திருகைப் பூஜ்யத்திலேயே வைத்துவிடுவது உத்தமம். காற்று பார்த்துக்கொள்ளும். நல்ல குரலாக இருந்தால் சொல் கடைசி வரிசைவரை தானே நடந்து போய்ச் சேரும்.